எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன கருவி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான்கு வார்த்தை எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: அறிவியல் கருவி செய்யும்போது பயனாளர்களையும் வல்லுநர்களையும் கலந்துகொள்வது எப்படி. ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் மறுக்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. டீக்கடைக்காரர் வரை கருத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒரு திருகாணியை முடுக்குவார் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். பெயர் பொய்யில்லை. எல்லோரையும் கேட்டேன். எல்லோரும் பதில் சொன்னார்கள். அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு நான் அடித்த கூத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

கருவி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் நாள்பட்டால் சிலருக்குப் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. தெரியாமலே புண்ணாகி, புண் பெருகி, விரலை எடுக்க வேண்டி வரும். சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வரும். மரத்துப்போவதை முன்னமே கண்டுபிடித்துவிட்டால், செருப்பில்லாமல் நடக்காதே, தினமும் பாதத்தைப் பார் என்று சொல்லிக் காப்பாற்றலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்குக் கருவி இருக்கிறது. கிராமத்துச் செவிலியர் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவில் ஒன்று செய்ய நாங்கள் இறங்கினோம். டார்ச் லைட் மாதிரி இருக்கும். முனையைக் கால் பெருவிரலில் வைத்துக் குமிழைத் திருகினால் முனை அதிரும். திருகத் திருக அதிர்வு கூடும். ‘தெரியுது’ என்று அவர் எப்போது சொல்கிறாரோ அந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் சொன்னால் நல்ல கால். அவ்வளவுதான் விஷயம்.

முதலில் வல்லுநர்களைக் கூப்பிட்டேன். தென்காசியில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் கூட்டம். நரம்பியல் பேராசிரியர் ஒருவர், இயந்திரவியல் பேராசிரியர் ஒருவர், ஊரில் எல்லோரும் சர்க்கரை டாக்டர் என்று அழைக்கும் மருத்துவர் ஒருவர். நெய் வழியும் கேசரி, உளுந்த வடை, ஃபில்டர் காபி என்று ஏற்பாட்டில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. முதலில் செய்த மாதிரிக் கருவியை எல்லோர் முன்னாலும் இயக்கிக் காட்டினேன். நரம்பியல்காரர் அளவு தசமப் புள்ளிக்கு அப்புறமும் தெரிய வேண்டும் என்றார். ‘கட்டாயம் சார்’ என்றேன். இயந்திரவியல்காரர் முடிவைத் தாளில் அச்சடித்துத் தர வேண்டும் என்றார். அதற்கும் கட்டாயம் சார். பிறகு பேச்சு கருவியின் நிறத்துக்குப் போனது. பச்சையா நீலமா என்று இருவரும் மோதிக்கொண்டதில் காபி ஆறிவிட்டது. சர்க்கரை டாக்டர் கேசரியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “நல்லா வந்திருக்கு சார், வாழ்த்துகள்” என்று மட்டும் சொன்னார். அன்று வீட்டுக்குப் போனதும் வல்லுநர்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

எல்லோர் சொல்லையும் தட்டாமல் கேட்டதில் டார்ச் லைட்டுக்கு ஒரு பெட்டி முளைத்தது. பெட்டிக்குள் அச்சு இயந்திரம், அதற்கு ஒரு பேட்டரி, பேட்டரிக்கு ஒரு சார்ஜர். செவிலியர் செல்வியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கருவியைத் தினமும் கையில் எடுக்கப்போவது அவர்தான். இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “நல்லா இருக்கு சார்” என்றார். பயனாளருக்குத் திருப்தி என்று குறித்துக்கொண்டேன். அவர் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை நான் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்து முகாம். தென்காசியில் ஒரு தெருவில் பந்தல் போட்டு, சர்க்கரை உள்ளவர்களை வரவழைத்து, செல்வியும் நானும் வரிசையாகப் பரிசோதித்தோம். முதல் ஆளாக வந்தவர் மைதீன் அண்ணாச்சி. வளைகுடாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். கருவியிலிருந்து ‘ங்ம்’ என்று மோட்டார் சத்தம் வந்ததுமே, “தெரியுது சார், நல்லாத் தெரியுது” என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். இப்படி ஒரு துல்லியமான கருவியை நாமா செய்தோம் என்று எனக்கே புல்லரித்தது.

மத்தியானம் பேனா எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டேன். கையில் ஏதோ உலோகம் இடறியது. எடுத்துப் பார்த்தால் கருவியின் முனை. காலையில் துடைப்பதற்காகக் கழற்றியவன் மாட்ட மறந்திருக்கிறேன். அவ்வளவு நேரமும் ஊர்க்காரர்கள் வெறும் பிளாஸ்டிக் குழாயை விரலில் வைத்துக்கொண்டு தெரியுது தெரியுது என்று சொல்லியிருக்கிறார்கள்.

புத்தியுள்ளவன் அங்கேயே பெட்டியை மூடியிருப்பான். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். குழாயும் லேசாக அதிரத்தானே செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். முனையை மாட்டி, காலையில் வந்தவர்களை மறுபடி கூப்பிட்டுப் பரிசோதித்தேன். மறுபடியும் எல்லோரும் தெரியுது என்றார்கள். இரண்டு தடவையும் ஒரே முடிவு வந்ததல்லவா, அதைக் கருவியின் நம்பகத்தன்மை என்று அறிக்கையில் எழுதினேன். எங்கள் முதலாளி படித்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். பெட்டிகளைச் சுகாதார நிலையங்களுக்கு வழங்கும் விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துக் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று செய்தி வந்தால் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்கள் பாய் தலையணையை எண்ண ஆரம்பித்துவிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு முதல் ஆளாக வருபவர் என் மகளின் மாமியார் பார்வதியம்மாள். கடையத்துக்காரர். காலையில் பஸ் ஏறினால் குற்றாலத்தில் குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் மகனுக்குப் பெண் எடுத்த வீடு தென்காசியில் இருக்கும்போது தங்கித்தான் குளிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். தங்குகிற நாளெல்லாம் குறை சொல்வது அவருடைய உரிமை. சாம்பாரில் புளி தூக்கல், தலையணை கல், அருவித் தண்ணீரில் போன வருட வாசம் இல்லை. நாங்கள் பெண்ணைக் கொடுத்தவர்கள், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வோம்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. வந்த அன்று சாயங்காலம் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். எதிலும் குறை காண்பவர் இதில் என்ன குறை காண்கிறார், பார்ப்போம் என்ற திமிர்தான். என் மனைவி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். முனை இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டு, விரலில் வைத்துக் குமிழைத் தொட்டேன். ‘ங்ம்’ என்றது.

“தெரியுதே” என்றார்.

“நல்லாத் தெரியுதா சம்பந்தியம்மா?”

“தெரியாம என்ன அண்ணாச்சி? சக்கரன்னு பேருதான். எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் கையிலயோ காலுலயோ ஒரு கொறை கெடையாது.”

“உங்களுக்கு இருபது வயசுக் கால்” என்று சபையில் அறிவித்தேன். அச்சடித்த தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை குற்றாலத்துக்குக் கிளம்பும்போது அவர் செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது. என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். “இருவது வயசுக் காலுக்குச் செருப்பு எதுக்கு மதினி? அருவியில அதக் கழத்திப் போட்டுட்டுத் தேடிக்கிட்டு நிக்கணும்” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

குளித்துவிட்டுத் திரும்பியவர் ஈரத்தலையோடு கூடத்திலும் அடுக்களையிலும் நடமாடிக்கொண்டிருந்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மதினி, தரை தொடைக்கலியா? அங்கங்க செவப்பாக் கெடக்கு.”

என் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. துணியை நனைத்துக்கொண்டு வந்து துடைத்தாள்.

“இங்கனயும் கெடக்கு பாருங்க. குங்குமத்தக் கொட்டிட்டியளோ?”

அவள் அங்கேயும் துடைத்தாள். சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் போனார். ஜன்னல் பக்கமும் சிவப்பு. பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தேன். அவர் போகிற இடமெல்லாம் கறை பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

“சம்பந்தியம்மா, கொஞ்சம் உக்காருங்க. காலைக் காட்டுங்க.”

“நல்லா இருக்கே, சம்பந்திகிட்டக் காலக் காட்டவா?”

என் மனைவி தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தூக்கினாள். உள்ளங்காலில் பச்சை நிறத்தில் ஒரு கண்ணாடி வளையல் துண்டு ஆழமாக இறங்கியிருந்தது. பெண்கள் குளிக்கிற பக்கம் நெரிசலில் வளையல் உடையாத நாள் கிடையாது. அதை மிதித்து, மிதித்தபடியே ஆட்டோ வரை நடந்து, எங்கள் படியேறி, தரை சுத்தமில்லை என்று குறையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சம்பந்தியம்மா குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தார்.

“இது என்னோடது இல்ல. நான் தங்க வளையல்லா போட்டிருக்கேன்” என்றார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

சர்க்கரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம். அவர் துண்டை எடுத்துக் காயத்தைக் கழுவினார். சம்பந்தியம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். கட்டுப் போட்டபின் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மற்றப் பாதத்தை ஒரு நைலான் இழையால் அங்கங்கே தொட்டார். சம்பந்தியம்மா வாய் திறக்கவில்லை. பிறகு இழையை எடுத்துவிட்டு, “இப்ப தெரியுதாம்மா?” என்று கேட்டார்.

“தெரியுதே” என்றார் சம்பந்தியம்மா. டாக்டர் கை அவர் காலருகிலேயே இல்லை.

“ரெண்டு காலும் மரத்திருக்கு. புண்ணு ஆழம். இன்ஃபெக்ஷன் ஆகாமப் பாக்கணும், ஆச்சுன்னா விரல் தங்குறது கஷ்டம்” என்றவர், “இதுக்கு முன்னாடி யாராவது கால டெஸ்ட் பண்ணியிருக்காங்களா?” என்றார்.

பதில் சொல்லாமல் வெளியே போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

“அப்புறம் எப்படிம்மா தெரியுதுன்னு சொன்னீங்க?”

“மிசினு சத்தம் போட்டுது. சத்தம் வந்தா சொல்லணும்னு நெனச்சேன்” என்றார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி, “சம்பந்தி வீட்டுல அத்தன பேரு கூடி நிக்காவ. தெரியலன்னு எப்படிச் சொல்ல?” என்றார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். “சார், அந்தச் சத்தம் எனக்கும் அன்னைக்கு மீட்டிங்லயே கேட்டுது.”

“ஏன் சார் சொல்லல?”

“பெரியவங்க கலரப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க. நடுவுல எப்படிப் பேச? அப்புறம் கேசரி வந்துட்டு.”

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது என் புத்தி போன போக்கை மறைக்காமல் சொல்கிறேன். ஒரே ஒரு ஆள்தானே என்று முதலில் தோன்றியது. ராத்திரியோடு ராத்திரியாக மரத்துப்போயிருக்கலாம் என்றுகூட யோசித்தேன், படித்தவன்தான் நானும். அப்புறம் வாசலில் கிடந்த அந்தச் செருப்பு நினைவுக்கு வந்தது. என் கருவி என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அவர் அதைப் போட்டுக்கொண்டு போயிருப்பார். விழா முடிந்தால் ஊர் ஊராகச் செல்வி போன்றவர்கள் இதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மரத்த காலையெல்லாம் நல்ல கால் என்று சொல்லிவிட்டு வரப்போகிறார்கள். அங்கேயே முதலாளிக்குப் போன் செய்து, கொடுக்க வேண்டாம், நிறுத்துங்கள் என்றேன்.

“என்னவே சொல்லுதீரு? அழைப்பிதழ் அடிச்சாச்சு, பெட்டியெல்லாம் பேக் பண்ணியாச்சு. ஒரு ஆளு பாக்கியில்லாம நல்லா இருக்குன்னுதானவே சொன்னாங்க?”

“அதான் சார் கோளாறு” என்றேன்.

அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. நான் சம்பந்தியம்மாவின் காலைப் பற்றிச் சொன்னதும் முதலில் திட்டுவதை நிறுத்தினார். பிறகு விழாவை நிறுத்தினார். அதற்கு அவருக்கு என் நன்றி. மருமகனும் போன் செய்தான். “மாமா, எங்கம்மா காலுல என்ன மிசினு வச்சிய?” என்று கேட்டான். என் உத்தியோக வாழ்க்கையில் எந்தத் தணிக்கை அதிகாரியிடமும் நான் அப்படித் திணறியதில்லை.

பிறகு மறுபடியும் எல்லோரிடமும் போனேன். இந்த முறை கூட்டம் இல்லை, கேசரி இல்லை. ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் தனியாகப் பார்த்தேன். கூடவே ஒரு பொய்யும் சொன்னேன்: “அன்னைக்குக் காட்டுன பெட்டி நான் செஞ்சது இல்ல, வெளியூர்க்காரன் ஒருத்தன் செஞ்சது, நாம வாங்கலாமான்னு பாக்கச் சொன்னாங்க.” அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

“எந்தப் பைத்தியாரன் சார் இதச் செஞ்சான்?” என்றார் மைதீன் அண்ணாச்சி. நான் பைத்தியாரன்தான் என்று தலையாட்டினேன். “சத்தம் வந்ததும் தெரியுதுன்னா சீக்கிரம் விட்டுருதாங்க. அன்னைக்கு மத்தியானம் மறுபடி கூப்பிட்டப்ப எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு, அப்பவும் அதான் சொன்னேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

செல்வி பெட்டியைப் பார்த்ததுமே பொரிந்து தள்ளினார். “இத ஒரு கையில பிடிச்சா ஸ்கூட்டர்ல பிரேக்க யாரு சார் பிடிப்பா? செஞ்சவன் ஒருநாள் இதத் தூக்கிக்கிட்டு ரோட்டுல எறங்கட்டும்.” செஞ்சவன் பவ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சர்க்கரை டாக்டரிடம் மட்டும் பொய் செல்லாது. நோயாளிகள் போனபின் அவர் அறையில் உட்கார்ந்து, இதில் எது உருப்படாதது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். தசமப் புள்ளி, தாள், பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தார். தெரியுதா என்று கேட்கவே கூடாது என்றார். இரண்டு தடவை வையுங்கள், ஒரு தடவை அதிர்வோடு, ஒரு தடவை வெறுமனே. எதில் அதிர்ந்தது, முதலிலா இரண்டாவதிலா என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் நம்மைச் சந்தோஷப்படுத்த ஒரு பதில் அவர்களுக்குக் கிடைக்காது என்றார். சத்தம் வெளியே வராமல் அடக்குவது எங்கள் வேலை, அதைச் செய்தோம். கருவி மறுபடி டார்ச் லைட் ஆனது. நிறம் கறுப்பு. யாரையும் கேட்கவில்லை.

நீங்களும் நாளைக்கு ஏதோ ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போவீர்கள். போகிற வீட்டில் நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள், நல்லா இருக்கு என்பார்கள். அது நமக்குச் செய்கிற மரியாதை, நம் கருவிக்கு அதில் பங்கு கிடையாது. நம் ஊர் மனிதர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள், படித்தவர்களும் அப்படித்தான். இல்லை, தெரியவில்லை, இது உதவாது என்று அவர்கள் கூசாமல் சொல்ல இடம் செய்து கொடுத்துவிட்டுக் கேளுங்கள். அந்த இடத்தைச் செய்வது நம் வேலையில் பாதி. எனக்கு அது ஓய்வு பெறப்போகிற வயதில்தான் உறைத்தது.

சம்பந்தியம்மாவுக்குச் சீழ் பிடித்தது. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தோம். பிறகு புண் மெல்ல ஆறத் தொடங்கியது. அந்த சீசன் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தார், குற்றாலம் பக்கம் போகவில்லை, குறை சொல்வதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு குறையையும் மருந்து மாதிரி வாங்கிக்கொண்டேன்.

புண் முழுக்க ஆறியபின் புதுக் கருவியோடு கடையத்துக்குப் போனேன். அவர் வீடு, அவர் கட்டில், வேடிக்கை பார்க்க ஒருவரும் இல்லை. செருப்பைக் கட்டிலுக்கடியில் கழற்றிவிட்டுப் படுத்தார். சம்பந்தியிடம் காலைக் காட்டும் கூச்சம் எப்போதோ போய்விட்டது. டாக்டர் சொன்னபடி ஒரு தடவை வெறுமனே வைத்து எடுத்துவிட்டு, மறுபடி முனையைப் பெருவிரலில் வைத்துக் குமிழைத் திருகினேன். சத்தம் துளியும் இல்லை. எங்கள் பையன்கள் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் திருகினேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். குமிழ் கடைசி வரை போய் நின்றுவிட்டது. அதிர்வு என் விரல்களில் ஏறி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை வரை வந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா உத்திரத்தைப் பார்த்தபடி பொறுமையாகப் படுத்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி, சும்மா வச்சிக்கிட்டே இருக்கிய? எப்ப ஆரம்பிப்பிய?” என்றார்.